எங்கள் அடுப்பை எடை போட்டவர்கள்

எங்கள் லயத்து அடுப்புகள்தான் காட்டைத் தின்றன என்று ஓர் அறிக்கை இருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது, கொழும்பில் இருக்கிறது, கடல் கடந்தும் போயிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், மாத்தளைக்கு மேலே இரத்தோட்டைப் பக்கத்து மலையில் நான் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலத்தில் அதை எழுதினார்கள். அதில் உள்ள எடையெல்லாம் நாங்கள் எங்கள் கையால் தூக்கிக் கொடுத்த எடைதான். ஆனாலும் அது பொய். அந்தப் பொய்க்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை.

முதலில் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கிற தகரக் கொட்டகையை மடுவம் என்போம். எங்கள் மடுவம், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, ரோட்டோரத்தில் இருந்தது. கூரையைத் தாங்கும் நடுவளையில் தராசு தொங்கும். சாக்கைத் தூக்கி அதில் மாட்டினால், பக்கத்தில் நிற்கும் கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்ப்பார், பிறகு எங்களைப் பார்ப்பார், பிறகு முள் சொன்னதைவிடக் குறைவாக ஒன்றைச் சொல்வார். சாக்குக்கு ஒரு கழிவு. மழை பெய்தால் ஈரத்துக்கு ஒரு கழிவு. வெயிலடித்தால் முற்றல் இலைக்கு ஒரு கழிவு. முகம் பிடிக்காவிட்டால் அதற்கும் ஒரு கழிவு உண்டு, அதற்கு மட்டும் அவர் காரணம் சொல்லமாட்டார்.

ஆகவே நாங்களும் சும்மா இருக்கவில்லை. நிறுவைக்குப் போகிற வழியில் மலைத் தண்ணீர் குழாயாக விழுகிற பீலியில் சாக்கின் அடியை நனைத்துக்கொள்வோம். கொழுந்துக்கு நடுவில் நாலு பிடி முற்றிய கரட்டு இலையை அமுக்கி வைப்போம். இதைக் களவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவர் எடுக்கப்போவதை நாங்கள் முன்கூட்டியே போட்டு வைக்கிறோம், அவ்வளவுதான். அவர் கழித்த பிறகு உள்ளது உள்ளபடி நிற்க வேண்டுமென்றால், முதலில் இல்லாததும் கொஞ்சம் இருந்தாக வேண்டும். இந்தக் கணக்கு எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும், ஜீப்பில் வந்தவர்களுக்கு மட்டும் தெரியாது.

விறகுக்கும் ஒரு கதை உண்டு. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். கிளைகளையெல்லாம் வெட்டிச் செடியைக் குட்டையாக்கிவிடுவார்கள், அது மறுபடி துளிர்க்கும். அப்படி வெட்டி விழுந்த குச்சிகள்தான் மிலாறு. காய்ந்த மிலாறு புகையாமல் எரியும், அனல் நின்று பிடிக்கும். ஒரு வருடம் ஒரு மலை, மறு வருடம் இன்னொரு மலை என்று முறை வைத்து வெட்டியதால், அடுப்புக்கு ஏதாவது ஒரு மலை படியளந்துகொண்டே இருந்தது. அம்மா கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்த காலத்தில் விறகுக்காகக் காட்டுப் பக்கம் யாரும் தலைவைத்தும் படுத்ததில்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு சில காலம் போனதும், மேல் மலைகளில் வருமானமில்லை என்றார்கள். தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் பைனஸ் மரம் நட்டார்கள். நட்டதும் நாங்கள்தான், சம்பளத்துக்குக் குழி வெட்டிக் கன்று வைத்தோம். காடு வளர்க்கிறோம் என்று சொன்னார்கள். அந்தக் காட்டில் ஒரு குருவி கூடு கட்டி நான் பார்த்ததில்லை. ஊசி ஊசியாக இலை விழுந்து தரையை மூடிக் கிடக்கும். அதில் கால் வைத்தால் வழுக்கிக்கொண்டு லயத்து வாசலிலேயே வந்து விழலாம். பைனஸின் ஒரு கொப்பைத் தொட்டாலும் குற்றம். அந்த மலைகளின் மிலாறும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பெண்கள் பைனஸைத் தாண்டி மேலே ஏறி, பழைய காட்டில் விழுந்த கொப்பையும் பட்டுப்போன கட்டையையும் பொறுக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். எங்களைக் காட்டுக்குள் அனுப்பியது யார் என்று கேட்டால் நான் அந்தப் பைனஸைத்தான் காட்டுவேன்.

இந்த நிலைமையில்தான் ஜீப் வந்தது. மலைக்காட்டைக் காப்பாற்ற ஏதோ வெளிநாட்டு உதவியில் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்கள், மாத்தளை டவுனில் வீடொன்றை வாடகைக்கு எடுத்து அலுவலகம் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். வந்தவர்களில் ஒருவர் தொப்பி போட்ட வெள்ளைக்காரர், மற்றவர் அந்தத் திட்டத்து அதிகாரி, இளம் வயதுச் சிங்களவர், அப்போதுதான் பல்கலைக்கழகம் முடித்தவரைப் போல இருந்தார். அவர்கள் கொண்டுவந்த தராசைத் தொங்கவிட உறுதியான வளை தேடினார்கள். தோட்டத்தில் அதற்கு மடுவத்தை விட்டால் வேறு இடம் ஏது? கொழுந்துத் தராசைக் கழற்றிவிட்டு, அதே கொக்கியில் தங்கள் தராசை மாட்டினார்கள். பக்கத்தில் அதே கணக்கப்பிள்ளை மொழிபெயர்ப்புக்கு நின்றார்.

"ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு நாளைக்கு எரிக்கிற வெறகக் கொண்டாந்து நிறுத்துக் காட்டணுமாம்" என்றார் அவர். "இந்த வாரம் பூராவும். வேல முடிஞ்சு வாங்க."

"எதுக்குங்க ஐயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எழுதிக்கிட்டுப் போவாங்களாம். எனக்கென்ன தெரியும்?"

அன்று பீலியடியில் பேச்சு முழுக்க அதுதான். கூடுதலாக எரிக்கிற வீட்டுக்கு மண்ணெண்ணெய் அடுப்பு கொடுப்பார்கள் என்றாள் ஒருத்தி. இல்லை, எடைக்கு ஏற்ற மாதிரி லொறியில் விறகே வரப்போகிறது என்றாள் இன்னொருத்தி. அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டையும் கேட்டாள். அம்மாவின் வாய்க்கு லயமே பயப்படும்.

"எதக் குடுத்தாலும் குடுக்காட்டியும் கழிக்காம விடுவானுங்களா? ஈரம்பானுங்க, மண்ணும்பானுங்க. பாத்து வச்சுக் கட்டுங்கடி" என்றாள்.

பார்த்து வைத்துத்தான் கட்டினோம். நாலு நாள் அடுப்புக்குப் போதுமான கட்டு ஒரு நாள் கட்டாக மடுவத்துக்கு இறங்கியது. பச்சைக் கொப்புகள் வந்தன, பீலியில் குளித்த கொப்புகள் வந்தன. லயத்தின் கடைசி அறையான கோடிக் காம்பராவில் இருந்தவர்களிடம் ஒரு பலாக்குத்தி இருந்தது. அவர்கள் அதில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். அந்தக் குத்தி ஒரு வீட்டுக் கட்டில் ஏறித் தராசுக்குப் போய், மடுவத்துக்குப் பின்பக்கமாக இறங்கி, அடுத்த வீட்டுக் கட்டில் ஏறி மறுபடியும் வந்தது. நானும் அதைச் சுமந்தேன், நல்ல கனம். வெள்ளைக்காரர் அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார், எனக்கு ஒருமுறை கையும் கூப்பினார்.

இளம் அதிகாரி முள்ளைப் பார்த்தார், எழுதினார். எதையும் கழிக்கவில்லை. கடைசி நாள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கழிப்பார்கள் என்று அம்மா அடித்துச் சொன்னாள். கடைசி நாளும் வந்தது. தராசைக் கழற்றினார்கள், நன்றி சொன்னார்கள், பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். நாங்கள் வைத்ததை வைத்தபடி ஏற்றுக்கொண்ட தராசை எங்கள் வாழ்நாளில் முதல்முறையாக அன்றுதான் பார்த்தோம். அந்தச் சந்தோஷத்தில் அன்று லயத்தில் பாட்டும் கூத்துமாக இருந்தது.

அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வெள்ளைக்காரரும் வந்திருந்தார். ஒரு பெரிய அதிகாரி பேசினார், கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார். காடு அழிகிறது என்றார். காடு அழிந்தால் மழை குறையும், மண் சரியும், கீழே நாவுல, கலேவெல வயல்களுக்குத் தண்ணீர் போகாது என்றார். உலகமே சூடேறிக்கொண்டிருக்கிறது, மரம் எரிந்த புகை வானத்தில் போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது என்றார். இதெல்லாம் எனக்குப் புதிதாகவும் இருந்தது, நியாயமாகவும் பட்டது. மழை தவறிப் பெய்வதைக் கொழுந்து பறிப்பவளைவிட வேறு யார் முதலில் அறிவார்கள்? நான் தலையாட்டிக்கொண்டுதான் கேட்டேன். பிறகு அவர், இந்தப் பகுதியில் காடு அழியக் காரணம் லயத்து அடுப்புகள் என்று ஆய்வில் நிரூபணமாகியிருக்கிறது என்றார். ஒரு வீடு ஒரு நாளில் எரிக்கிற விறகின் எடையைச் சொன்னார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவையும் எரித்தால் லயமே எரிந்துபோயிருக்கும்.

பழைய காட்டைச் சுற்றிக் கம்பி வேலி போடப்போவதாகவும், காவற்காரர்களை நிறுத்தப்போவதாகவும், விறகுக்காக யாரும் உள்ளே போகக்கூடாது என்றும் சொல்லி முடித்தார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. டவுன் சந்தைக்குப் போய்வந்து பழகிய சிங்களம் என்னிடம் இருந்தது. எழுந்து நின்றேன்.

"மாத்தயா, எங்க பெக்டரிக்கு நாவுலப் பக்கமிருந்து லொறி லொறியா மரம் வருது. தேயிலை காயவைக்கிற அடுப்புல எங்க அப்பாதான் அத அள்ளிப் போடுறாரு. அதைத் தராசுல வச்சுப் பாத்தீங்களா?"

அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். "அது பெர்மிட்டோட வர்ற மரம்."

"பெர்மிட் உள்ள மரம் எரிஞ்சா புகை வராதா மாத்தயா?"

பள்ளிக்கூடம் சிரித்தது. நான் என்ன கேட்டேன் என்று வெள்ளைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார், அவருக்குச் சொன்ன பதில் ரொம்பச் சின்னதாக இருந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அப்பா நல்ல மனிதர், ஆனால் யார் குரலை உயர்த்தினாலும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறவர். மறுநாள் பெக்டரியில் அவரைக் கூப்பிட்டு, மகளின் வாயைக் கட்டிவைக்கச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து என்னிடம், "நமக்கு எதுக்குப் புள்ள?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேலி வந்தது. பைனஸ் முடிகிற இடத்தில் முள்ளுக்கம்பி, அதற்குப் பக்கத்தில் காவற்காரர்களுக்கு ஒரு குடிசை. நாங்கள் என்ன செய்வது? தேங்காய் மட்டையை எரித்தோம். கொக்கோக் காயின் ஓட்டை எரித்தோம், அது எரிவதைவிட அழுவதுதான் அதிகம். சில வீடுகளில் கட்டில் சட்டம் அடுப்புக்குள் போனது. பகலில் ஒரு நேரம் உலை வைத்து அதையே இரவுக்கும் ஆறவைத்துத் தின்றோம். விடிகாலையில் சுடுதண்ணீர் இல்லாமல் கைப்பிள்ளைக்காரிகள் தவித்தார்கள். சட்டம் போட்டவர்கள் வீட்டில் அன்று காஸ் அடுப்பு எரிந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

அம்மா பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்டுக்கத்தியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க ஏறிப்போனாள். வேலிக்கு உள்ளே ஒரு பட்ட மரத்தடியில் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது காவற்காரர்கள் பிடித்தார்கள். விறகுக் கட்டைத் தங்கள் குடிசையில் சான்றுப் பொருளாக வைத்துக்கொண்டு, அம்மாவையும் கத்தியையும் பொலிஸிடம் ஒப்படைத்தார்கள்.

அது எந்தக் காலம் என்பதை மறந்துவிடக்கூடாது. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் இராணுவ முகாமைத் தாண்டும்போதெல்லாம் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி நடக்க வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் கத்தியோடு காட்டில் பிடிபட்டிருக்கிறாள். நானும் அப்பாவும் ஓடிப்போனபோது அம்மாவிடம் விறகைப் பற்றி யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. காட்டுக்குள் யாருக்குச் சோறு கொண்டுபோனாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சோறாக்க வெறகில்லன்னுதானே போனேன். வெறகில்லாம எந்தச் சோத்தக் கொண்டுபோறது?" என்று அம்மா திரும்பத் திரும்பச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய குரல் நடுங்கவில்லை. இருட்டுவதற்குள் அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டார்கள், காட்டு வழக்கை மட்டும் போட்டார்கள். பாதுகாக்கப்பட்ட காட்டில் பச்சை மரம் வெட்டினாள் என்று குற்றம். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் கையெழுத்து வைத்துப் பிணையில் எடுத்தோம்.

டவுனில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தோம். அவர் இரக்கமானவர், எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டம் கட்டிவிட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், காலம் சரியில்லை, வழக்கை இழுத்தால் பழைய சந்தேகத்தையும் கிளறுவார்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த நாட்களில் தமிழர்கள் செய்யாததையெல்லாம் ஒத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு சரி சரி என்றார்.

"வெட்டுனேன்னு சொல்லணுமா? நான் பச்ச மரத்துல கைய வைக்கல. பொறுக்குனேன். பொறுக்குனேன்னு வேணா எழுதிக்குங்க" என்றாள் அம்மா.

"அம்மா, ஜெயிலுக்குப் போக வேண்டி வந்தாலும் வரும்."

"போறேங்க. அங்கயாச்சும் அடுப்பு எரியுந்தானே."

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா அழுதார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அம்மா உள்ளே போனால் எத்தனை மாதமோ, அந்த நாட்களில் உள்ளே போகிற தமிழ்ப் பெண்ணுக்கு என்னவெல்லாம் நடக்குமோ, நினைக்கவே முடியவில்லை. இத்தனைக்கும் ஆரம்பம் மடுவத்தில் தொங்கிய அந்தத் தராசுதான் என்று அன்று எனக்குப் பட்டது. அந்த எடையைக் காட்டித்தான் வேலி போட்டார்கள், அந்த எடையைக் காட்டித்தான் வழக்கிலும் பேசுவார்கள் என்று சட்டத்தரணியும் சொல்லியிருந்தார். அப்படியானால் மறுபடி நிறுக்க வேண்டியதுதான்.

பீலியடியில் இதைச் சொன்னபோது பெண்கள் என்னைத் தின்ன வந்தார்கள். "அன்னைக்குப் பொய்யி சொன்னோம்னு நாமளே போயி ஒத்துக்கிறதா?" என்று பலாக்குத்தி வீட்டு அக்கா கேட்டாள். நான் சொன்னேன், நாம் பொய் சொல்லவில்லை, கழிவுக்கு வைத்தோம், அவர்கள் கழிக்கத் தெரியாதவர்கள், அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வோம் என்று. ரொம்ப நேரம் சத்தமாக இருந்தது. கடைசியில் அந்த அக்காதான், "சரிடி, இந்தத் தடவ அந்தக் குத்திய வீட்டுலயே வச்சிட்டு வாறேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அதோடு விஷயம் முடிவானது.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு மறுநாள், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு நாள் விறகை மட்டும் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். பஸ்காரர் ஏற்றமாட்டேன் என்றுவிட்டார். டவுன் வரைக்கும் நடந்தோம். முகாமில் மறித்தார்கள். பொம்பிளைகள் வரிசையாகத் தலையில் கட்டோடு வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கட்டுகளையெல்லாம் அவிழ்த்து ரோட்டில் கொட்டச் சொன்னார்கள். கொட்டினோம். குச்சிகளைத் துவக்கு நுனியால் கிளறிப் பார்த்த சிப்பாய் என்னைவிட இளையவன்.

"எங்க கொண்டு போறீங்க?"

"நிறுக்க."

"வெறகையா?"

"ஆமா. நாங்கதான் காட்டத் திங்கிறோமாம். எவ்வளவு திங்கிறோம்னு காட்டப் போறோம்."

அவன் முழித்தான். பிறகு அவனே குந்தி, அம்மாவின் கட்டை அடுக்கிக் கயிற்றைச் சுற்றி இறுக்கிக் கொடுத்தான். கட்டின விதத்தைப் பார்த்தால் அவனுடைய வீட்டிலும் விறகடுப்புதான்.

திட்டத்து அலுவலகத்தில் அந்த இளம் அதிகாரி மட்டும் இருந்தார். பெரியவர் கொழும்புக்குப் போயிருக்கிறார், முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டு வர வேண்டும், தராசு ஸ்டோரில் இருக்கிறது, சாவி இல்லை என்று வரிசையாகச் சொன்னார். நாங்கள் வாதாடவில்லை. முற்றத்தில் கல் கூட்டினோம், கொண்டுவந்த அரிசியை உலையில் போட்டோம், ஒரு அடுப்பில் பருப்பு, ஒரு அடுப்பில் ரொட்டி. ஒரு கட்டு விறகில் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு எப்படி ஆகிறது என்று அவர் கண்ணெதிரே சமைத்துக் காட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். புகை ஜன்னல் வழியாக உள்ளே போனபோது சாவி கிடைத்துவிட்டது.

எரிக்காமல் வைத்திருந்த கட்டுகளை அவர் ஒவ்வொன்றாக மாட்டினார். முள் எழும்ப மறுத்தது. தராசு கெட்டுப்போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப அன்னைக்கு?"

அம்மாதான் பதில் சொன்னாள். "அன்னைக்கு நீங்க கழிப்பீங்கன்னு நெனச்சோம். எங்களுக்குத் தெரிஞ்ச தராசெல்லாம் கழிக்கிற தராசுதான். கழிச்சது போக மிச்சம் சரியா இருக்கணும்னு வச்சோம். நீங்க கழிக்கல. எதுக்கு நிறுக்கிறீங்கன்னும் எங்ககிட்ட சொல்லல. இப்ப சொல்லுங்க மாத்தயா, யார் மேல பெழ?"

அவர் புதிய எடைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். ஆனால் அறிக்கை போய்விட்டது என்றார். அச்சாகிவிட்டது, அதை வைத்து அடுத்த கட்டத்துக்குப் பணமும் வந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். அவர் கெட்டவர் இல்லை. ரொட்டியில் ஒன்று கொடுத்தோம், நின்றபடி தின்றார். ஆனால் ஒரு மலையே பட்டினி கிடந்தாலும் அச்சானது அச்சானதுதான் என்று அவ்வளவு சாந்தமாகச் சொல்ல எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்த வேலி இன்றும் இருக்கிறது. அதற்குக் கீழே நாங்கள் புகுந்து போகிற பாதையும் இருக்கிறது. அன்று டவுனிலிருந்து திரும்பிய மறுநாளே பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து, தனியாக யாரும் அகப்படாதபடி, கூட்டமாகப் போகத் தொடங்கினார்கள். கத்தி கொண்டுபோகவில்லை. கையால் பொறுக்கினோம். காவற்காரர்கள் சத்தம்போட்டுப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். எத்தனை பேரைத்தான் பிடிப்பார்கள்?

அம்மாவின் வழக்கு மட்டும் மிச்சமிருந்தது. தவணை நாளில் அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அப்பா லீவு கேட்கப் பயந்தவர், அன்று கேட்காமலே வந்துவிட்டார். இளம் அதிகாரி வந்து எங்கள் பக்கம் ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. கூண்டில் ஏறிய அம்மாவிடம் குற்றவாளியா, குற்றமற்ற சுற்றவாளியா என்று கேட்டார்கள்.

"சுத்தவாளிங்க" என்றாள், பின்வரிசை வரைக்கும் கேட்க.

பிடித்த காவற்காரர்களில் ஒருவர் சாட்சி சொன்னார். பச்சை மரத்தில் கொப்பு வெட்டிக்கொண்டிருந்ததைக் கண்ணால் கண்டேன் என்றார். எங்கள் சட்டத்தரணி, ஒத்துக்கொள்ளச் சொன்ன அதே மனிதர், எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கட்டில் இருந்தது பச்சைக் கொப்பா, காய்ந்த கொப்பா? பச்சை என்றார் காவற்காரர். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார்.

"கட்டைக் கொண்டுவாருங்கள். பார்த்தால் தெரிந்துவிடும்."

காவற்காரர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டார். நீதவான் மறுபடி கேட்டார்.

"கட்டு இல்லைங்க ஐயா."

"எங்கே?"

"மழை நாள்... குடிசையில வெறகில்ல... தேத்தண்ணி வைக்கிறதுக்கு..." என்று அவர் இழுத்தார்.

"எரித்துவிட்டீர்களா?"

"ஆமாங்க ஐயா."

"நன்றாக எரிந்ததா?"

பாவம், அந்த மனிதர் பொய்யை ஒரு தடவைக்கு மேல் சொல்லத் தெரியாதவர். "நல்லா எரிஞ்சிச்சுங்க ஐயா" என்றார்.

கோர்ட்டே சிரித்தது. நீதவானும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். பச்சைக் கொப்பு அப்படி எரியாது என்று சொல்லி, அம்மாவை விடுதலை செய்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்பா கை இரண்டையும் தலைக்கு மேலே கூப்பி நின்றார். அம்மா மட்டும் சிரிக்கவுமில்லை, இறங்கவுமில்லை. இறங்கச் சொல்லிக் கோர்ட்டுச் சேவகர் சைகை காட்டினார். அவள் கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திராமல், நேரே நீதவானைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னாள்.

"ஐயா, அந்தக் கட்ட எங்க லயத்துக் கணக்குல எழுதிறாதீங்க. அது அவங்க அடுப்புல எரிஞ்சது."